எண்ணப்படாத நிமிடங்கள்

திரையின் மூலையில் மணி 4.50.

இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அந்த ஏ.சி. அறைக்கு ஜன்னல் கிடையாது. அவன் வாட்ச் கட்டுகிற ஆளும் இல்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு வாட்ச் எதற்கு என்று பீற்றிக்கொள்வான்.

காலையில் அவன் மனைவி சுகந்தி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அஞ்சே முக்கால் வண்டி. அதுக்குள்ள ஸ்டேஷனுக்கு வந்தீங்கன்னா ரெண்டு பேருமா வீட்டுக்குத் திரும்பிடலாம். வரலேன்னா அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் கூப்பிடாதீங்க."

போகத்தான் போகிறான். இந்த ஒரு சோதனை முடியட்டும்.

அந்த 286 கம்ப்யூட்டரில் மெமரி தாராளமாக இருந்தது. ஆனால் சாதாரண நிலையில் முதல் ஒரு மெகாபைட்டுக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. மேலே இருப்பதை எடுக்க பிராசஸரை வேறு நிலைக்கு மாற்ற வேண்டும். மாறிவிட்டால் நேராகத் திரும்ப வழியில்லை. எந்த இடத்தில் விட்டோம் என்று குறித்துவைத்துவிட்டு, தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டுதான் வர வேண்டும்.

இந்த வித்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே சுகந்திதான். கல்யாணத்துக்கு முன்பு அவள் அடுத்த மேசை.

மதியத்திலிருந்து பிராசஸர் ஆயிரக்கணக்கான தடவை மேலே போய் வந்தாயிற்று. ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

4.58க்கு எழுந்து வெளியே வந்தான்.

தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வாட்ச்மேனிடம் மணி கேட்டான். ஆறு பத்து என்றார்.

படியிலேயே நின்றுவிட்டான்.

பிராசஸர் மேலே போயிருக்கும்போது எதுவும் குறுக்கிடக் கூடாது என்று எல்லாவற்றையும் அடைத்துவைத்தவன் அவன்தான். நொடிக்குப் பதினெட்டு தடவை தட்டும் கம்ப்யூட்டரின் கடிகாரத்தையும் சேர்த்து. அது பாட்டுக்குத் தட்டியிருக்கிறது. எண்ணத்தான் ஆள் இல்லை; திரையில் மணி பின்தங்கிவிட்டது.

ஆட்டோ பிடித்துப் போனான்.

பிளாட்பாரம் காலியாக இருந்தது. டீ விற்பவரிடம் விசாரித்தான்.

"நீலப் பெட்டி வச்சிருந்த அம்மாவா? வண்டி நகர்ற வரைக்கும் கீழதான் சார் நின்னாங்க. ஓடிப்போய்த்தான் ஏறுனாங்க."

பெஞ்சில் உட்கார்ந்தான். நடந்ததை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது.

மேனேஜர் சாக்கு என்பார். மச்சான் பச்சைப் பொய் என்பான்.

சொன்ன மாத்திரத்தில் புரிந்துகொள்ள இந்த ஊரில் ஒருத்தி இருந்தாள்.

ஐந்தே முக்கால் வரைக்கும்.