துளசி மாடத்தில் விழுந்த ஆன்டெனா

சுலோசனா வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது.

நடுவில் ஒரு முறம். முறத்தில் வாழையிலை, இலைமேல் எலுமிச்சம்பழம், பழத்துக்குப் பக்கத்தில் கார்குழலியின் இறுதியாண்டு ப்ராஜெக்ட்.

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்த கார்குழலிக்கு நுரை தொண்டைக்குள் போய்விட்டது.

பச்சை அட்டை. அதில் நான்கு செம்புச் சதுரங்கள். நான்கையும் இணைத்துக் கிளை கிளையாக ஓடும் கோடுகள். வைஃபை அலையைப் பிடிப்பதற்காக அவள் மாதக்கணக்கில் கம்ப்யூட்டரில் வரைந்து, ஓட்டிப் பார்த்து, திருத்தி, சென்னையில் கொடுத்துச் செய்து வாங்கிய ஆன்டெனா.

கம்ப்யூட்டரில் அது அருமையாக வேலை செய்தது. கைக்கு வந்த பிறகுதான் அடம்பிடித்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் பிடிக்க வேண்டியது, மேலே ஏறி 2.5-இல் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டிலாவது ஏதாவது பிடிக்கிறதா பார்க்கலாமென்று முந்தின நாள் சாயங்காலம் மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டி வைத்தாள். கட்டுவதற்கு வீட்டில் கிடைத்தது சிவப்பு நூல்தான்.

ராத்திரி அடித்த காற்றில் நூல் அறுந்து, சுலோசனா வீட்டுத் துளசி மாடத்தில் விழுந்திருக்கிறது.

விடிந்ததும் அதைச் செய்வினைத் தகடென்று பயந்து, சுலோசனா அம்மாவாசையை வரவழைத்துவிட்டாள். செய்வினை எடுப்பதில் முத்தியால்பேட்டையில் அவருக்குப் பேர் உண்டு. அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை சுத்தமான வேலையைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை, கோடு போட்டது படித்த கை என்றார். வைத்தவரே உச்சி வெயிலுக்குள் தேடிக்கொண்டு வந்து கேட்பார் என்றும் சொல்லிவிட்டார்.

உச்சி வெயிலில் லாஸ்பேட்டை காலேஜில் கார்குழலிக்கு வைவா.

தகடு இல்லாமல் போனால் மார்க் இல்லை. தகட்டைப் போய்க் கேட்டால் தெருவில் முகம் இல்லை. அதைவிட, சின்ன வயதில் அவளுக்குத் தினமும் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பியவள் சுலோசனா.

வாயைக் கொப்பளித்துவிட்டு இறங்கிப் போனாள்.

"அது என்னுது அத்தை."

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. அம்மாவாசையே கொஞ்சம் அசந்துபோனார். அவர் வாக்கு இவ்வளவு சீக்கிரம் இதுவரை பலித்ததில்லை போல.

கார்குழலி பொறுமையாக விளக்கினாள். இது காற்றில் வருவதைப் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. சுவரைத் தாண்டியும் போகும். எந்தப் பக்கம் பார்த்து வைக்கிறோமோ அந்தப் பக்கம் வேகம் அதிகம்.

அவள் விளக்க விளக்க சுலோசனாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. மிக்ஸி புகைந்தது, மகனுடைய பிரான்ஸ் விசா இழுத்துக்கொண்டே கிடப்பது எல்லாம் இப்போது அவளுக்குப் புரிந்தது.

"எந்தப் பக்கம் பாக்க வெச்ச?"

கடற்கரைப் பக்கம் என்று சொல்லியிருக்கலாம். கார்குழலிக்குப் பொய் வராது.

"உங்க வூட்டுப் பக்கம்தான் அத்தை. அங்கதான் தடங்கலே இல்ல."

கூட்டத்தில் யாரோ குழந்தையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

சுலோசனா அழ ஆரம்பித்தாள். அம்மாவாசைக்குத் தகராறு பிடிக்காது. வைத்தவளே எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டதில் பாதி வேகம் இறங்கிவிட்டது, மீதியைத் தான் இறக்குகிறேன் என்று சமாதானம் சொன்னார். மஞ்சளைக் குழைத்து நான்கு சதுரத்தின் மேலும் கட்டைவிரலால் தடிமனாக அப்பினார். நடுவே குங்குமம் வைத்தார். இதை அவளே எடுத்துப் போய் ஊர் எல்லை தாண்டிவிட வேண்டும், போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார்.

லாஸ்பேட்டை போதுமா என்று கார்குழலி கேட்டாள். அம்மாவாசை யோசித்தார். ஏர்போர்ட் இருக்கிற இடம், அப்படியே காற்றோடு போய்விடும், போதும் என்றார்.

அவள் ஸ்கூட்டரின் கண்ணாடி இரண்டையும் கீழே மடக்கிவிட்டுக் கிளம்பினாள். வழிநெடுக மற்ற வண்டிக்காரர்கள் திட்டினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

காலேஜில் நுழையும்போதே அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மஞ்சளைத் துடைக்க நேரமில்லை. வெயிலில் அது காய்ந்து ஒட்டியும் போயிருந்தது. வைவா எடுக்கும் புருஷோத்தமன் சார் முகத்தைச் சுளித்தபடி தகட்டை அலைவரிசை அளக்கும் கருவியில் மாட்டினார்.

திரையில் கோடு நேராக வந்து, பள்ளமாக இறங்கியது. சரியாக, பிடிக்க வேண்டிய 2.4-இல்.

சார் வயரைக் கழற்றி மறுபடி மாட்டினார். மறுபடியும் அங்கேயேதான்.

மேலே என்ன பூச்சு என்று கேட்டார். செம்பின்மேல் ஒரு பூச்சு கொடுத்தால் அலைவரிசை கொஞ்சம் கீழே இறங்கும் என்று கார்குழலி சொன்னாள். அது பாடத்திலேயே இருந்தது சொல்லும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. சார் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், என்ன கனம் என்றார். கட்டைவிரலால் ஒரு அப்பு என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது சுலோசனா கேட் அருகிலேயே நின்றிருந்தாள். கார்குழலி வண்டியை நிறுத்தினாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்பைக் கேட்க வாயெடுத்தாள்.

சுலோசனா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக இழுத்துப் போய், இன்னும் சூடு ஆறாத ஒரு டப்பா கேசரியை உள்ளங்கையில் திணித்தாள்.

"எங்க நாத்தனார் வூடு நெல்லித்தோப்புல இருக்கு," என்றாள் மெதுவாக. "அவ்ளோ தூரம் எட்டுமா குழலி?"