அடக்கம்

பூங்காவின் பெண்கள் கழிப்பறைக் கதவைத் தள்ளியதுமே நாற்றம் அவள் முகத்தில் அறைந்தது.

துப்பட்டாவை மூக்கில் வைத்து அழுத்தினாள். அப்படியும் வாடை தொண்டைக்குள் இறங்கியது.

முதல் அறையில் தண்ணீர் இல்லை. அடுத்ததில் தாழ்ப்பாளும் இல்லை, கோப்பையும் அடைத்துக் கிடந்தது. கடைசி அறையைப் பற்றிச் சொல்லவே நாக்குக் கூசுகிறது. முன்னால் போன புண்ணியவதி எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஈ மொய்த்தது. தரையில் தேங்கிய கலங்கல் தண்ணீரில் ஒரு டயப்பர் உப்பிப்போய் மிதந்தது.

சீ! மனுஷர் வருகிற இடமா இது?

வெளிச்சுவரில் மட்டும் ஒன்றும் குறைச்சலில்லை. தொப்பி போட்ட யானை ஒன்று, ‘குடும்பத்தோடு கொண்டாட வாங்க’ என்று இளித்துக்கொண்டிருந்தது. ராட்டினத்துக்கு வண்ண விளக்கு. செல்ஃபி எடுக்க இதய வடிவில் ஒரு வளைவு. இதற்கெல்லாம் அள்ளிக் கொட்டியவனுக்கு ஒரு பாட்டில் பினாயில் வாங்க மனசு வரவில்லை.

வாசலில் தாரிணி கால்களைப் பின்னிக்கொண்டு நின்றாள். எட்டு வயது. லீவுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறோம் என்று கூட்டி வந்திருந்த ஒரே மகள்.

“போலாமாம்மா?”

“இங்க வேணாம்டி. வீட்டுக்குப் போய்க்கலாம்.”

வீடு நகரத்தின் மறுகோடியில் இருந்தது.

கணவன் புதர்ப் பக்கமிருந்து ஜிப்பை இழுத்துவிட்டபடி வந்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“அதுக்குள்ள என்ன வீடு? இன்னும் டைனோசரே பாக்கல. கொஞ்ச நேரம் அடக்கிக்கடா கண்ணு.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செடி கண்ட இடம், சுவர் கண்ட இடம் எல்லாம் இந்த மனுஷனுக்குக் கக்கூஸ். அடக்கிக்கொள் என்று சொல்வதற்கென்ன?

குழந்தை அடக்கிக்கொண்டது.

டைனோசர் தலையை ஆட்டி உறுமியது. தாரிணி நிமிர்ந்தே பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்தாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. கணவன் ஆளுக்கொரு ரோஸ்மில்க் வாங்கினான். தாரிணிக்கு ரோஸ்மில்க் என்றால் உயிர். கையில் கொடுத்ததை அப்படியே கடை மேடையில் வைத்துவிட்டாள்.

“வேணாம்பா. வெளிய வந்திருக்கோம்ல.”

கடைக்காரம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

“எவ்ளோ அடக்கமான புள்ள! எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குதே.”

“எல்லாம் அவங்கம்மா வளர்ப்பு” என்றான் கணவன்.

அவள் மகளின் உதட்டைப் பார்த்தாள். காய்ந்து, வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தது.

அவளுக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வெளியே கிளம்பும் நாளில் குடிப்பதே இல்லை. கல்யாணமோ, கோயிலோ, பஸ் பயணமோ, எதுவானாலும் சரி. அம்மா அப்படித்தான். அக்கா அப்படித்தான். ஒருத்தரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவளும் மகளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சொல்லித்தான் தர வேண்டுமா என்ன?

த்தூ, இதுவும் ஒரு வளர்ப்பு! அந்தக் கடைசி அறையே தேவலாம் என்றிருந்தது.

தன் கப்பை எடுத்தாள். அண்ணாந்து, மூச்சுவிடாமல், முழுசாகக் குடித்தாள். தாரிணி வாயைப் பிளந்து பார்த்தாள்.

“அக்கா, ஒரு வாளி குடுங்க. விளக்கமாறு இருந்தா அதையும்.”

கடைக்காரம்மாவின் சிரிப்பு நின்றது.

“அந்தப் பக்கமா போறீங்க? நாங்களே போறதில்லம்மா. காலைல வந்தா, ராத்திரி வீட்லதான்.”

சொன்னாளே தவிர, குனிந்து வாளியை எடுத்து, குழாயைத் திறந்து நிரப்பினாள்.

“உனக்கென்ன பைத்தியமா? ஊரான் வீட்டுக் கக்கூஸ நீ எதுக்குக் கழுவணும்?” என்றான் கணவன்.

“நான் கழுவல.”

வாளியை அவன் கையில் கொடுத்தாள்.

“ஏய்... லேடீஸ் டாய்லெட்டுடி.”

“உள்ள யாரும் இல்ல. யாரும் வராம நான் வாசல்ல நின்னுக்கறேன். நடங்க.”

அவன் கடைக்காரம்மாவைப் பார்த்தான். அவள் விளக்கமாற்றை நீட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் பேன்ட்டை மடித்துவிட ஆரம்பித்தபோது, தாரிணி தன் ரோஸ்மில்க்கை எடுத்து ஒரே ஒரு வாய் குடித்தாள்.