அந்த ‘ச்சிக்… ஸ்ஸ்’

மைக் கைக்கு வந்ததும் ஜேசுராஜ் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்துகொண்டது.

“உக்காந்தே கேளுங்க அங்கிள்” என்றாள் தீபிகா. கூட்டத்தை நடத்துகிறவள் அவள்தான்.

உட்கார்ந்து கேட்கிற கேள்வியா அது?

ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். காலையில் யாருக்கோ வளைகாப்பு நடந்திருக்கிறது, புளியோதரை வாசனை இன்னும் போகவில்லை. அந்த வாசனைக்கு நடுவே ‘ஏழாம் விசை’ படத்தின் ரசிகர்கள் கூடியிருந்தார்கள்.

அடுத்தவன் கம்ப்யூட்டருக்குள் புகுந்து கைவரிசை காட்டுகிற பிள்ளைகளைப் பற்றிய படம். வந்த காலத்தில் சீந்த ஆளில்லை. அம்பத்தூரில் முதல் காட்சியை ஜேசுராஜ் ஒருவருக்காகத்தான் ஓட்டினார்கள். மறுபாதியைப் போடலாமா என்று இடைவேளையில் வந்து அவரிடம் அனுமதி கேட்டார்கள்.

இன்றைக்கு அதே படத்துக்குக் கோயில் கட்டாத குறை. வில்லனின் கம்ப்யூட்டர் வெறும் தெர்மாகோல் பெட்டி என்பதும், கதாநாயகி வெறித்தனமாகத் தட்டுகிற கீபோர்டுக்கு ஒயரே கிடையாது என்பதும் இந்தக் கூடத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

ஜேசுராஜுக்கு அதெல்லாம் வேண்டாம். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு சத்தம்.

கதாநாயகி வங்கிக்குள் நுழைகிற காட்சியில், பின்னணி இசைக்கு அடியில், ‘ச்சிக்… ஸ்ஸ்… ச்சிக்’ என்று ஒன்று வரும். மேளமா, இல்லை. கீபோர்டா, அதுவும் இல்லை. சர்ச் பாடகர் குழுவில் முக்கால் ஆயுளைக் கழித்த காது அவருடையது. அதற்கே பிடிபடவில்லை.

ராணுவ டேங்க் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் பார்த்த முழுநேர உத்தியோகம் இதுதான். தேங்காய்த் துருவி, சைக்கிள் பம்ப், மருமகனின் ஷேவிங் நுரை டப்பா, எல்லாவற்றையும் காதோரம் வைத்துப் பார்த்தாயிற்று. மனைவி சாராள் தும்மினால்கூட “இன்னொரு தடவை தும்மு” என்று பக்கத்தில் வந்து நிற்பார். அந்த அம்மாள் தும்முவதையே விட்டுவிட்டாள்.

இசையமைப்பாளர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒலிப்பதிவுக் கூடம் இருந்த இடத்தில் இப்போது செருப்பு விற்கிறார்கள். விஷயம் தெரிந்தவர் என்று உலகத்தில் மிச்சம் ஒரே ஆள்தான். படத்துக்குத் தாளம் வாசித்த தமிழரசு. மாங்காட்டில் மகள் வீட்டில் இருந்தவரைத் தேடிப் பிடித்து, சால்வை போர்த்தி, மேடையில் உட்கார வைத்திருந்தார்கள்.

இவரும் போய்விட்டால் அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்க ஆளில்லை. ஜேசுராஜ் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“ஐயா, அந்த ‘ச்சிக்… ஸ்ஸ்’ என்ன சத்தம்?”

கூடமே சிரித்தது.

“குக்கர் அங்கிள்! குக்கரு!” என்று பின்வரிசை கத்தியது.

யாருக்குத் தெரியாது? இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதல் தகவலே அதுதான். எந்தக் கருவியும் சரிப்படாமல், ஸ்டுடியோவுக்குள்ளேயே ஸ்டவ்வைப் பற்றவைத்து, குக்கரை ஏற்றி, வெயிட் ஆடுகிற சத்தத்தைப் பிடித்தார்களாம். முன்வரிசைப் பையன்களின் பனியனில் குக்கர் படம். தமிழரசுவுக்கு நினைவுப் பரிசும் குக்கர்தான், ரிப்பன் கட்டித் தயாராக இருந்தது.

அந்தக் கூடத்தில் குக்கரை நம்பாதவர் ஜேசுராஜ் ஒருவர்தான்.

“இவங்க சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க.”

தமிழரசு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“குக்கர்தாம்பா. என் ஊட்டு குக்கரு. சொல்லாம தூக்கினு பூட்டேன், சம்சாரம் ஒரு வாரம் சோறு போடல.”

கைதட்டல் மண்ணூர்பேட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜேசுராஜ் மட்டும் தட்டவில்லை. முகம் வெளுத்து நின்றார். தோற்றுப்போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டு தீபிகா அவர் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

டீ கொடுக்கும்போது கைகழுவுகிற இடத்தில் தமிழரசு தனியாக அகப்பட்டார். பரிசுக் குக்கர் அக்குளில் இருந்தது.

“நெஜமாவே குக்கர்தானா?” என்றார் ஜேசுராஜ்.

தமிழரசு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“உங்களாண்ட சொல்றதுக்கு இன்னா அண்ணாத்தே. ராப்பகலா தட்டிகினு கெடந்த காலம் அது. எந்தப் படத்துக்கு எத்த தட்னேன்னு யாருக்கு நாபகம் கீது? முன்னெல்லாம் வேற இன்னாவோ ஒண்ணு மனசுல இருந்துச்சு. பேத்தி போன்ல காட்னா, குக்கர்னு போட்டுகீது. படிச்சதுலேர்ந்து பழசு சுத்தமா அழிஞ்சிபோச்சு. இப்போ கேட்டாலும் எனக்குக் குக்கராத்தான் கேக்குது.”

ஒரு வாய் டீயைக் குடித்தார்.

“எழுதினவன் வெவரம் தெரிஞ்சவனாத்தான் இருப்பான், இன்னா?”

ஜேசுராஜ் தலையை ஆட்டினார்.

‘இது என்ன சத்தம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்’ என்று அந்த இணையப் பக்கங்களிலெல்லாம் அவர் கெஞ்சாத கெஞ்சலில்லை. ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. தப்பாக ஒன்றை எழுதிவைத்தால் தெரிந்தவன் எவனாவது கொதித்துப்போய் ஓடிவந்து திருத்துவான் என்று, ஒரு மத்தியானம், பெயர் போடாமல் குக்கர் கதையை எழுதினார்.

அந்தக் கோபக்காரனுக்காகத்தான் இத்தனை வருஷமாகக் காத்திருந்தார்.