லாட மோதிரம்

அந்தப் பெண் கேட்டது இவள் காதில் விழுந்தது. புத்தியில் ஏறவில்லை.

தேங்காய் பன்னைப் பிட்ட கை பிட்டபடியே நின்றது.

எதிர்ச்சாரியில் ஜோசியர் வீடு. கணவர் உள்ளே இருந்தார். உன் மோதிரத்தைக் கழற்றலாமா என்று கேட்டு வருகிறேன், நீ பேக்கரியில் இரு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். தோளில் நீல லேப்டாப் பை. முன்பின் பார்த்த முகமில்லை. வேறு இடமில்லாமல் எதிரே வந்து உட்கார்ந்தவள், சற்று நேரம் இவள் விரலையே பார்த்தாள். இப்போது குரலைத் தாழ்த்தி மறுபடி சொன்னாள்.

“பெங்களூர்ல எங்களுக்குன்னு ஒரு க்ரூப் இருந்துச்சுக்கா. கையக் கட்டிப்போட்டா பிடிக்கும்ங்கறவங்க, கட்டிவிடப் பிடிச்சவங்க. எல்லாம் கேட்டு, சம்மதிச்சு, அப்புறந்தான். மாசம் ஒருக்கா சேர்ந்து காபி குடிப்போம், பேசுவோம். கோயமுத்தூர்ல அந்த மாதிரி யாராச்சும் இருக்காங்களா?”

காபி குடிப்பார்களாம்.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாகிவிட்டது இவளுக்கு. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன?

விஷயம் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஆள். கல்யாணமாகிப் பல வருஷம் மென்று விழுங்கியதை ஒரு நாள் அவரிடம் சொல்லிவிட்டாள், என் கையைக் கட்டுங்கள் என்று. அவர் திட்டவில்லை. பயந்துபோனார். விடிந்ததும் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு இதே ஜோசியரிடம்தான் ஓடினார்.

ஏழரைச் சனி என்றார் ஜோசியர். குதிரை லாடத்து இரும்பில் மோதிரம் போட்டால் புத்தி நிலைப்படும்.

போட்டாள். நடுவிரலில்.

இந்தக் கிறுக்கு பூமியில் தனக்கு மட்டும்தான் என்று அன்று முதல் நம்பிக்கொண்டிருந்தாள். அந்தத் தனிமை சனியைவிடக் கொடுமை.

“உங்களுக்கு யாரு சொன்னாங்க?” என்றாள்.

பெண்ணின் முகம் சுருங்கியது. “யாரும் சொல்லலக்கா. கறுப்பு மோதிரம் போட்டிருக்கீங்களே. எங்க ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் அடையாளம் கண்டுக்கறதுக்கு அப்படிப் போடுவாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க.”

இவள் மோதிரத்தைப் பார்த்தாள். பெருவிரலால் தள்ளினாள். தொளதொளவென்று சுற்றியது.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

“இது சனிக்குப் போட்டதுங்க.”

வாய் அதைத்தான் சொன்னது.

பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பையைத் தூக்கி மாட்டினாள். பாதி டீ அப்படியே இருந்தது.

கூப்பிட வேண்டும் போலிருந்தது. என்னவென்று கூப்பிடுவது? பேர்கூடக் கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்துக் கூட்டத்தில் அந்த நீலப் பை கொஞ்ச நேரம் தெரிந்தது.

கணவர் ரோட்டைத் தாண்டி வந்தார். முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. நல்ல மனுஷன். அதுதான் கஷ்டமே.

“ஏழரை விட்டுப்போச்சாம். இனி எல்லாஞ் சரியாயிரும்னாரு. இப்பவே கழட்டிப்போடலாமாம். கையக் குடு.”

இவள் கையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“வர மாட்டேங்குதுங்க. இறுகிப்போச்சு.”