பத்து மிளகாய்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடம். கோன்கேன் நகரில் விடியற்காலை பிடித்த தூறல் இன்னும் விட்டபாடில்லை.

மருத்துவமனை வாசலில், பச்சைப் பப்பாளியை மிளகாயோடு இடித்துத் தரும் கடையைக் கண்டு வாரூணி குடையோடு நின்றுவிட்டாள். முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு ஊசி மருந்தோடு ஒரு புது மாத்திரையும் சேர்த்துச் சோதிக்கும் பிரிவில் அவள் நர்ஸ்.

கடையில் அவளுடைய நோயாளி தோங்பாய்.

"பத்து மிளகாய் போட்டு இடிம்மா. கையைச் சுருக்காதே!"

அதே சோதனையில் இருக்கும் லம்துவான், பக்கத்தில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாரூணிக்கு ஒன்றும் புரியவில்லை. தோங்பாய் காலையில் வந்ததும் ஒப்படைத்த நோய்க் குறிப்பேட்டைச் சற்றுமுன்தான் படித்திருந்தாள். 'பன்னிரண்டு நாளாக வாயெல்லாம் புண். கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை.'

இது பொய்யென்றால் சோதனையே பாழ்.

தோங்பாய் உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க எழுதினது பொய்யா, நான் கண்ணால பார்த்தது பொய்யா?"

"எதை வேணா வெச்சுக்கோ, நர்ஸம்மா."

"விளையாடாதீங்க. வாயைத் திறங்க."

திறந்தாள். நாக்கும் உதட்டின் உட்புறமும் வெந்துபோய் ரத்தம் கசிந்தது.

"ஐயோ! இதோட பத்து மிளகாயா? புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

"பசிச்சுது, தின்னேன். லம்துவான்கிட்ட மட்டும் இந்தப் புண்ணைப் பத்திச் சொல்லிடாத."

குழப்பம் கூடியதுதான் மிச்சம். அடுத்து லம்துவான் வந்தாள்.

'அசல் மாத்திரைன்னா வாய் புண்ணாகுமாம். எனக்கு ஒரு வாய்ப்புண்கூட வரல. எனக்குத் தர்றது வெறும் மாவு மாத்திரைதான். செவ்வாய்க்கிழமை டப்பாவைத் திருப்பிக் குடுத்துடறேன், ஊசியும் வேணாம்' என்று போன வாரம் அழுதவள். ஊசி மருந்து எல்லோருக்கும் அசல், மாத்திரையில் யாருக்கு அசல், யாருக்கு மாவு என்பது டாக்டருக்கே தெரியாது, புண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று வாரூணி மூன்று முறை சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை.

"டப்பா கொண்டு வந்தீங்களா?"

"கொண்டாந்தேன். ஆனா குடுக்கமாட்டேன்!" லம்துவான் சிரித்தாள். "தோங்பாய் அக்காவுக்கும் வாய்ப்புண்ணே இல்லியாம். நான் நம்பல. 'அப்போ பத்து மிளகாய் தின்னு காட்டுங்க, பார்க்கலாம்'னேன். தட்டையே வழிச்சுத் தின்னுட்டாங்க! அவங்களே விடாம போடறப்போ எனக்கென்ன கேடு?"

வாரூணி ஊசியை எடுத்துவரப் போனாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லம்துவான் மாத்திரையை விழுங்கிவிட்டு, 'நான் போட்டுட்டேன், நீங்க?' என்று தோங்பாய்க்குச் செய்தி அனுப்பினாள்.

அதே நேரத்தில் வாரூணி, தோங்பாயின் கோப்பில், 'வாய்ப்புண் ஆறும்வரை மாத்திரை நிறுத்தம்' என்று முந்தின நாள் டாக்டர் போட்ட உத்தரவைப் பதிந்துகொண்டிருந்தாள்.

தோங்பாய், பேச முடியாத வாயில் பனிக்கட்டியை அடக்கிக்கொண்டு பதில் எழுதினாள்: 'நானும் போட்டுட்டேன்.'