ஜாங்கிரிப் பொட்டலம்

அரிசிப் பானைக்குள் கையை விட்டு மணிமாறன் வெளியே எடுத்தது ஜாங்கிரிப் பொட்டலம். மகனுக்கென்று நேற்று ஆசை ஆசையாய் அவன் வாங்கி வந்தது. கட்டிய நூல்கூடப் பிரிக்காமல் கிடந்தது.

“எம்புள்ளைக்கு வாங்கியாந்தத ஒளிச்சா வக்கிற?” மனைவி பூங்குழலியின் கன்னத்தில் பளாரென்று விழுந்தது.

“அவனுக்குச் சேரல மாமா...”

“சேரலங்கறதுக்கு நீ யாருடி, டாக்டரா?” அடுத்த அறையில் உதடு கிழிந்தது.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன் மணிமாறன். வாரத்தில் ஒருநாள்தான் வீடு. பாசத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை, கை நீட்டுவதிலும்தான். மூத்தவள் பிரவீணா ஒரு வயதில் வாந்தியெடுத்து, வலிப்பு கண்டு, போய்ச் சேர்ந்தாள். பெற்றவளே எதையோ கொடுத்துவிட்டாள் என்று அன்றைக்கு ஊர் வாய் பேசியதை இந்த மனுஷன் அப்படியே நம்பிவிட்டான்.

ஒன்றரை வயது அருளை மடியில் போட்டுக்கொண்டான். பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டு தலையைத் திருப்பியது. “பாரு, ஆத்தாக்காரி எப்படிப் பழக்கி வச்சிருக்கான்னு!” மூக்கைப் பிடித்து வாயைத் திறக்கவைத்து, பிட்டுப் பிட்டு ஊட்டினான். குறுக்கே வந்தவளுக்கு விட்ட உதையில் அவள் அம்மிக்கல்லில் போய் விழுந்தாள்.

அரைமணிகூட ஆகவில்லை. பிள்ளை குடம் குடமாய் வாந்தியெடுத்தது. உடம்பு சில்லிட்டு வேர்த்தது, கண் மேலே செருகியது.

“காலையில குடுத்த பால்ல என்னத்தடி கலந்த? மூத்தவள முழுங்குனது பத்தலையா?” அவள் கழுத்தை நெரித்தவன், பிள்ளைக்குக் கைகால் வெட்டி இழுப்பதைப் பார்த்துத்தான் பிடியை விட்டான்.

ஆட்டோ பிடித்துப் பெரம்பலூருக்குப் பறந்தார்கள். குழந்தை டாக்டர் கமலவேணி விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

“ரத்தத்துல சர்க்கரை ரொம்ப எறங்கிடுச்சு.” குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் அருள் கண்ணைத் திறந்தான். என்ன சாப்பிட்டான் என்று விசாரித்துக்கொண்டு, மூத்திரத்தைப் பரிசோதிக்க டாக்டர் உள்ளே போனார்.

அவர் போனதுதான் தாமதம், மணிமாறனுக்கு வெறி ஏறிவிட்டது.

“சக்கரை கொறைஞ்சிருச்சாம்! நீ இனிப்பு திங்க வுட்டாத்தானடி!” அவள் தலையைச் சுவரில் மோதினான். எதிர்த்த டீக்கடைக்கு ஓடி, டம்ளர் நிறையச் சீனித் தண்ணீரோடு வந்தான்.

பூங்குழலி நெற்றியில் வழிந்த ரத்தத்தோடு பிள்ளைமேல் கவிழ்ந்து மறைத்துக்கொண்டாள். முடியைப் பிடித்து இழுத்தவனின் கையை வெடுக்கென்று கடித்தாள்.

“ஐயோ, யாராச்சும் வாங்களேன்!”

ஓடி வந்த டாக்டர் டம்ளரைத் தட்டிவிட்டார்.

“சக்கரை கம்மின்னு நீங்கதானே சொன்னீங்க டாக்டரம்மா?”

“ஏன் கம்மியாச்சுன்னு இப்பத்தான்யா தெரியுது. இது பொறப்புலயே வர்ற கோளாறு, ரொம்ப அபூர்வம். அப்பா அம்மா ரெண்டு பேருகிட்டேருந்தும் வர்றது. இந்த மாதிரிப் புள்ளைங்களுக்கு குளுக்கோஸ் ஒத்துக்கும், சீனி ஒத்துக்காது. சீனி, தேன், பழம் எது உள்ள போனாலும் ரத்தத்துல இருக்கற சர்க்கரை மடமடன்னு எறங்கிடும். உறுதி பண்ண வேலூர் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். அதுவரைக்கும் ஒரு துளி இனிப்பு காட்டாதீங்க. இவனுக்கு அது விஷம்.”

மணிமாறன் தரையில் சிந்திக் கிடந்த சீனித் தண்ணீரையே பார்த்தான்.

“இதுக்கு முன்னாடி புள்ளை ஏதாவது தவறியிருக்கா?” என்று கேட்டார் டாக்டர்.

பூங்குழலி கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, மணிமாறனின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

“பிரவீணாவுக்கும் நீங்கதானே மாமா ஊட்டிவுட்டீங்க?”