பதினாலு கீரை

"என்ன ஜெய்ராம் சார், முழுக் கூடையும் உங்களுக்கேவா?"

மாதவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாளைக்குக் காளி பூஜை. முதல் நாளான இன்றைக்குப் பதினாலு வகைக் கீரை சமைத்தே ஆகவேண்டும், வங்காளத்துச் சம்பிரதாயம். அவர்களுடைய நியூ டவுன் அடுக்ககத்து வாசலில் கூடையோடு உட்காரும் மங்களா மாசியை விட்டால் கீரைக்கு வேறு ஆள் கிடையாது. வீட்டிலோ, மாசமாக இருக்கும் வங்காளி மருமகள் மௌமிதா ஆசையாகக் காத்திருக்கிறாள்.

"ஆமாம்மா, எல்லாம் வேணும்" என்று ஜெய்ராம் கூடையைப் பைக்குள் கவிழ்த்தார்.

"ஒரு பிடியாவது குடுங்கோ. பிள்ளைத்தாச்சி கேக்கறா."

"அவளுக்குன்னா நிச்சயமா கிடையாது."

அடப்பாவி மனுஷா! போன மாதம் குடியிருப்போர் சங்கத் தேர்தலில், அதுவரை செயலாளராக இருந்த இவரைத் தோற்கடித்துச் செயலாளர் ஆனவள் மாதவி. அந்தக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது.

ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் களை காடாக மண்டிக் கிடந்தது. "மருந்து அடிச்சா மழைத் தண்ணியோட கால்வாய்க்குப் போயிடும்மா, ஒரு பட்டாம்பூச்சி மிஞ்சாது" என்று சாக்குச் சொல்லியே காலத்தை ஓட்டினார் மனுஷன். மாதவி நேற்று ஆளை வைத்து அடித்தே விட்டாள். கெட்டிக்கார மருந்து. புல்லைத் தொடாது, அகல இலைச் செடியாகப் பார்த்துக் கொல்லும். வாடத்தான் ஒரு வாரம் ஆகுமாம்.

"தோத்த கடுப்பைக் கீரைல காட்டறேளா? உங்க வயசுக்கு இது அழகா?"

ஜெய்ராம் பக்கத்தில் நின்ற செக்யூரிட்டியை ஒரு பார்வை பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"அல்பம்!" காதில் விழட்டும் என்றே சொன்னாள் மாதவி.

மாதவியை 'பௌதி', அண்ணி என்றே கூப்பிடும் மங்களா மாசி அவளை ஓரமாகக் கூட்டிப்போய் வங்காளியில் கிசுகிசுத்தாள்.

"என்னால அவருக்குக் கெட்ட பேர் வேண்டாம் பௌதி. வருஷா வருஷம் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னாடிதான் நான் கீரை பறிக்கறது. அவர்தான் எனக்காக விட்டு வெச்சிருந்தார். வெளியில தெரிஞ்சா என்னை உள்ளே விடமாட்டாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடல."

மாதவி காலிக் கூடையை எட்டிப் பார்த்தாள். "இன்னிக்குக் கீரையும் அங்கேயா?"

"ஆமாம். நேத்து ஏதோ மருந்து அடிச்சாங்களாமே, எனக்கென்ன தெரியும்? தளதளன்னு இருந்தது, பறிச்சுட்டேன். அவர்தான் ஓடி வந்து கூடையோட விலை பேசினார். குழி தோண்டிப் புதைக்கப் போறாராம் பௌதி, மாடுகூட அதைத் தின்னுடக் கூடாதாம்."